சுமையோடு மலையில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலிருந்து நண்பர்கள் சிலரோடு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பல நாள் மலைநடைக்குப் போய் வருவது என் வழக்கம். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும், அடுத்த நடையில் சேர விரும்புகிறவர்களும், அவர்களை அனுப்பத் தயங்கும் வீட்டாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை, கேட்டவர்களின் சொற்களைப் பெரும்பாலும் மாற்றாமல், இங்கே தொகுத்திருக்கிறேன். நான்கு நாள் நடையாக இருந்தாலும் ஆறு நாள் நடையாக இருந்தாலும் ஒரு நாளின் ஒழுங்குதான் திரும்பத் திரும்ப வருகிறது என்பதால், பெரும்பாலான பதில்கள் அந்த ஒரு நாளைச் சுற்றியே அமைந்துள்ளன.

மருந்துவாழ் மலைக்குப் பல தடவை ஏறியிருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

மருந்துவாழ் மலைக்கு விடியற்காலையில் ஒரு தண்ணீர்க் குப்பியோடு ஏறி, பிள்ளைத்தடம் குகையைப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நான் சொல்லும் நடையில் அன்றிரவு உறங்கும் இடம், போர்வை, உணவு, சமைக்கும் பாத்திரம், மாற்றுடை எல்லாம் முதுகில் இருக்கும். மறுநாள் காலை, உறங்கிய இடத்திலிருந்தே நடை தொடரும். கால்களுக்கு இரண்டும் மலையேற்றம்தான். மற்ற எல்லா வகையிலும் இவை வேறு வேறு வேலைகள்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. அதை முழுவதும் நடப்பவர்கள் ஐந்து முதல் ஏழு மாதங்கள் வரை எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு அவ்வளவு விடுப்பு எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. ஆனால் அவர்கள் ஒரு நாளை நடத்தும் முறைக்கும் நாம் நடத்த வேண்டிய முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

எழுந்ததிலிருந்து படுக்கிறது வரைக்கும் ஒரு நாள் எப்படிப் போகும்?

ஐந்து மணிக்கு எழுந்து, சுக்குக்காப்பி போட்டுக் குடித்து, காலைக்கடன் முடித்து, கூடாரத்தைத் தட்டி ஈரம் போக்கி மடித்து, பையைக் கட்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். புதியவர்களுக்கு இரண்டு மணி நேரம். ஆறரை மணி அளவில், நன்றாகக் கண் தெரியும் வெளிச்சத்தில் நடை தொடங்கும். ஐம்பது நிமிடம் நடப்பது, பத்து நிமிடம் பையை இறக்கி வைத்து உட்காருவது என்பது எங்கள் கணக்கு. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு நின்றுவிட்டால் முன்னே போகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பத்து மணிக்குள் அந்த நாளின் கடுமையான ஏற்றத்தை முடித்துவிடப் பார்ப்போம். பதினொன்று, பதினொன்றரைக்கு நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் முக்கால் மணி நேரம் தங்கி, காலுறையைக் கழற்றிக் கால்களை உலர விடுவோம். இரண்டு மணிக்கு, மிகவும் தாமதமானால் மூன்று மணிக்கு, தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். அதன் பிறகு கூடாரம், தண்ணீர் சுத்தப்படுத்துதல், துணி உலர்த்துதல், சமையல், பாத்திரம் கழுவுதல். எட்டு மணிக்கு எல்லோரும் உறங்கிவிடுவார்கள். நடக்கும் நேரம் ஆறு மணி நேரம்தான். மீதி எல்லாம் வீட்டு வேலை. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டு வேலையில் சோம்பல் படுகிறவர்தான் மூன்றாம் நாள் நடக்க முடியாமல் நிற்கிறார் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடப்பீர்கள்?

இந்தக் கேள்விக்கு நான் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. வடசேரியிலிருந்து சுசீந்திரம் வரை நடப்பதும், அதே தூரத்தைச் செங்குத்தான ஏற்றத்தில் நடப்பதும் ஒன்றாகிவிடாது. மலையில் நேரத்தையே அளவாகக் கொள்ள வேண்டும்.

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பாதை 12 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால், தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆக 3 மணி 54 நிமிடம். ஆனால் அது சுமை குறைவாக, குளிர் நாட்டில், பழகிய கால்களுக்கான கணக்கு. நம் பக்கத்துப் புழுக்கத்தில், முதுகுச்சுமையோடு, கலவையான குழுவுக்கு அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வேன். ஏறத்தாழ ஆறு மணி நேரம் வரும். ஓய்வு நேரத்தையும் சேர்த்தால் ஆறரைக்குப் புறப்பட்டவர் இரண்டு மணிக்குச் சேர்வார். இதற்கு மேல் வரும் பாதையை ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

அவ்வளவு விடியக்காலையில் கிளம்பணுமா? எட்டு, ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் போதாதா?

நாம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு பாகை வடக்கே இருக்கிறோம். ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றே முக்கால் மணி நேரம் உண்டு என்பது வசதிதான். ஆனால் நம் பக்கத்தில் அந்திப்பொழுது மிகக் குறுகியது. டிசம்பரில் ஆறேகால் மணிக்குள் சூரியன் மறைந்து, அரை மணிக்குள் இருட்டிவிடும். மரச்செறிவுக்குள் ஐந்தரைக்கே பாதை தெரியாது. கோடையிலும் ஐப்பசியிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகவே காலையில் இழக்கும் ஒரு மணி நேரம் மாலையில் இரண்டு மணி நேரத்துக்குச் சமம்.

ஒருமுறை பேருந்தைத் தவறவிட்ட இரண்டு பேருக்காகக் காத்திருந்து ஒன்பதரைக்குக் கிளம்பினோம். இறங்கி வரும்போது அடிவாரத் தோட்டத்திலேயே இருட்டிவிட்டது. ஐந்து பேருக்கு ஒரே ஒரு டார்ச். யானை நடமாட்டம் உள்ள இடம். வேறு வழியின்றி ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். விடியற்காலை நான்கு மணி அளவில் பால் வெட்ட வந்தவர்களின் நெற்றி விளக்குகள் மரங்களுக்கிடையே வரிசையாகத் தெரிந்தன. அவர்கள்தான் சாலையில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாளே ஆளுக்கொரு நெற்றி விளக்கு வாங்கினோம். ரப்பர்த் தோட்டங்கள் உள்ள ஊர்க் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கும். கைகள் இரண்டும் ஓய்வாக இருப்பதால் மலைக்கும் அதுதான் ஏற்றது.

முதுகில் எவ்வளவு எடை தூக்கலாம்?

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ உள்ளவருக்கு 12 கிலோ. நான்கு நாள் நடைக்கு என் பையைத் தராசில் வைத்துப் பார்த்தபோது இப்படி வந்தது: வெறும் பை ஒன்றரை கிலோ, இருவர் பகிர்ந்துகொள்ளும் கூடாரத்தில் என் பங்கு ஒன்றரை, ஸ்லீப்பிங் பேக்கும் விரிப்பும் ஒன்றரை, மழையுடையும் மாற்றுடையும் ஒன்றரை, உணவு 2.6, தண்ணீர் இரண்டு, விளக்கு, மருந்து, கத்தி, கயிறு முதலியவை ஒன்று. மொத்தம் 11.6 கிலோ.

புதியவர்களின் பையில் கூடுதலாக இருப்பது எப்போதும் துணிதான். நாளுக்கு ஒரு ஜோடி என்று எடுத்து வருவார்கள். நடக்க ஒரு ஜோடி, இரவுக்கு உலர்ந்த ஒரு ஜோடி, காலுறை மட்டும் மூன்று ஜோடி போதும். காலையில் ஈரமான அதே சட்டையை மீண்டும் போட்டுக்கொள்வது அருவருப்பாகத்தான் இருக்கும். பத்து நிமிட நடையில் அது மறந்துவிடும். இரவு உடை ஈரமானால்தான் மறக்க முடியாது.

பிள்ளையின் ஸ்கூல் பேக் பெரிதாகத்தான் இருக்கிறது. அதைக் கொண்டு வரலாமா?

இடுப்புப் பட்டை இல்லாத எந்தப் பையும் வேண்டாம். சுமையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். தோள் வார்கள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. தோளில் மட்டும் 12 கிலோவைத் தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்திலேயே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கனமான பொருள்களை முதுகோடு ஒட்டி, நடு உயரத்தில் வைக்க வேண்டும். இரவுக்கு மட்டும் தேவைப்படுவது அடியில். மழையுடையும் தின்பண்டமும் மேலே. பைக்கு வெளியே போடும் மழை உறையை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே ஒரு கட்டியான பிளாஸ்டிக் உறையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி வாயை முறுக்கிவிட்டால் ஓடையில் விழுந்தாலும் போர்வை நனையாது.

காணி மக்கள் செருப்புப் போட்டே ஏறுகிறார்கள். எனக்கு மட்டும் ஷூ எதற்கு?

பேச்சிப்பாறை மலைப்பகுதியில் வாழும் காணி மக்களின் கால்கள் பிறந்தது முதல் அந்த நிலத்தில் பழகியவை. அவர்களோடு நம்மை ஒப்பிடுவது நியாயமில்லை. நமக்கு அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும், விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் உள்ள காலணி வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் இறக்கத்தில் நகங்கள் இடித்துக் கறுத்துவிடும். கடைக்கு மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய், நடைக்குப் போடும் அதே காலுறையோடு அளவு பார்க்க வேண்டும். புதுக் காலணியை மலைக்குக் கொண்டு வரவே கூடாது; குறைந்தது ஐம்பது கிலோமீட்டர் ஊருக்குள் நடந்து பழக்கியிருக்க வேண்டும்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓரிடம் சூடாக உறுத்தும். அப்போதே, குழுவினர் முணுமுணுத்தாலும், நின்று காலுறையைக் கழற்றி அந்த இடத்தில் ஒட்டுநாடா போட வேண்டும். "அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம்" என்றவர்களில் பாதிப் பேராவது மறுநாள் நொண்டினார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்? அந்த வெளிநாட்டுப் பொட்டல உணவெல்லாம் வாங்கணுமா?

வேண்டியதில்லை. நம் ஊர் அடுக்களையே மலைநடைக்காக உருவானதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முந்திரிக்கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வறுத்த பயறும் வெல்லமும் தேங்காயும் உருண்டையாகி, மாவில் தோய்ந்து, எண்ணெயில் பொரிந்தது. நன்றாகச் செய்தால் பல நாள் கெடாது, பைக்குள் நசுங்காது, இரண்டு தின்றால் ஒரு மணி நேர ஏற்றம் தாங்கும். ஏத்தங்காய் உப்பேரியில் உப்பும் கொழுப்பும் இருக்கின்றன. அவலும் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் அடுப்பே இல்லாத காலையுணவு. தேங்காயை மட்டும் வறுத்து எடுத்துச் செல்ல வேண்டும். முதல் நாள் மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய புளிச்சோறு. மட்டிப்பழம் சுவையாகத்தான் இருக்கும், ஆனால் பைக்குள் கூழாகிவிடும். புறப்படும் பேருந்திலேயே தின்று தீர்த்துவிடுங்கள்.

உலர்ந்த உணவாகக் கணக்கிட்டால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் வரை வேண்டும். இரவில் மட்டும் சூடாகச் சமைப்போம்: அரிசியும் சிறுபயறும் கலந்த கஞ்சி, சுட்ட கருவாடு அல்லது தேங்காய்த் துவையல் பொடி. மரச்சீனிக்கிழங்கு கொண்டு வரட்டுமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சரணாலயக் காடுகளில் தீ மூட்டுவது குற்றம் என்பதால், அங்கே அடுப்பில்லா உணவை மட்டுமே எடுத்துச் செல்ல வேண்டும். வடநாட்டு மலைகளுக்குப் போகிறவர்கள் எரிவாயுக் குப்பியை விமானத்திலோ ரயிலிலோ கொண்டுபோக முடியாது. நடை தொடங்கும் ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதே, அப்படியே குடித்தால் என்ன?

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே ஒரு காட்டுமாடு ஓடைக்குள் நிற்கிறதா என்பதும் நமக்குத் தெரியாது. தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கிய தண்ணீரை முதலில் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டிக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறினால் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல, வியர்வையில் போன உப்பு திரும்ப வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தவருக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து கொடுக்க வேண்டும்.

அட்டை கடிக்குமே!

கடிக்கும். வலிக்காது, நோயும் பெரும்பாலும் வராது. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையில் உப்பும் வேப்பெண்ணெயும் தடவிக்கொள்ளுங்கள். ஒட்டியதைப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும். அதற்காக அஞ்ச வேண்டாம்.

பாம்பு கடித்தால் என்ன செய்வது? மலையில் மருந்து ஏது?

கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலை அசையாதபடி குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். மோதிரம், கொலுசு, காலணி ஆகியவற்றை வீக்கத்துக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். சாலையைச் சேர்ந்ததும் 108-ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் நாட்டில் கிடைக்கும் நச்சுமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் காணப்படும், மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. அந்தக் கடிக்கு மருத்துவமனையில் தங்கிக் கண்காணிப்பில் இருப்பதே வழி. ஆகவே கைவைக்கும் பாறையையும் உட்காரும் மரத்தையும் முதலில் பார்ப்பது, இருட்டில் நடக்காமல் இருப்பது ஆகிய இரண்டும் எந்த மருந்தையும் விடப் பெரியவை.

யானை எதிரே வந்துவிட்டால்?

நம் மாவட்டக் காடுகளில் யானை உண்டு என்பதை 2023-இல் தேனிப் பக்கம் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானையை மேல் கோதையாறுப் பகுதியில் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பலர் தெரிந்துகொண்டார்கள். அதற்கு முன்பும் இருந்தது, எப்போதும் இருக்கும். யானை நம்மைப் பார்ப்பதற்கு முன்பே நாம் அதை அறிந்துகொள்வதுதான் பாதுகாப்பு: ஆவி பறக்கும் சாணம், புதிதாக ஒடிந்த மூங்கில், வயிறு உறுமும் ஓசை, கடுமையான மணம். இவற்றில் ஒன்று கிடைத்தாலும் பேச்சை நிறுத்தி, வந்த வழியே திரும்பித் தூரமாகப் போய்க் காத்திருக்க வேண்டும். படம் எடுக்க நிற்கக் கூடாது. விடியலுக்கு முன்பும் அந்தியிலும் அவை பாதைகளில் நடமாடும் என்பதால்தான், ஐந்து மணிக்கே எழுந்தாலும் ஆறரை வரை நடையைத் தொடங்குவதில்லை.

கரடி யானையை விடக் கவலை தருவது. எதிர்பாராமல் அருகில் போய்விட்டால் அது ஓடுவதற்குப் பதில் பாயும். வளைவுகளில் மெல்லப் பேசிக்கொண்டு போவது அதற்கு நல்லது.

எந்த மாதம் நல்லது?

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. எஞ்சும் நல்ல காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. அதற்குப் பின் புல் காய்ந்து தீக்காலம் தொடங்கிவிடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆடி மாதத்தில் அந்தக் காற்று மேட்டு முகடுகளில் ஆளைத் தள்ளும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். 1,650 மீட்டர் அளவுள்ள மகேந்திரகிரி உச்சியில் கடற்கரையை விடப் பத்துப் பாகை குறைவாக இருக்கும். நனைந்த பருத்திச் சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் குமரிக்காரருக்கும் நடுக்கம் எடுக்கும். இரவு உடையைப் பற்றி எடைக் கேள்வியில் சொன்னது இதற்காகத்தான்.

ஓடை முழங்கால் அளவுதான் இருக்கிறது, கடந்துவிடலாமா?

நிற்கும் தண்ணீரையும் ஓடும் தண்ணீரையும் ஒரே அளவாக எண்ணக் கூடாது. வேகமாக ஓடினால் முழங்கால் அளவே ஆளைச் சாய்க்கும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். காளிகேசத்தில் மழை நாட்களில் ஆற்றில் இறங்க விடாமல் தடுப்பதும் இதனால்தான். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள்.

கடக்கும்போது இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பையை விட்டுவிட்டு ஆள் தப்ப வேண்டும். ஊன்றுகோலை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள். காட்டாற்று வெள்ளம் பெரும்பாலும் சீக்கிரமே வடிந்துவிடும். சில மணி நேரம் காத்திருப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஒதுங்குவதற்கு எங்கே போவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

எல்லோரும் கேட்க விரும்பி, புறப்படும் நாள் வரை கேட்காத கேள்வி இது. ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் அறுபது மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, முடித்ததும் மண்ணால் மூட வேண்டும். அதற்கென்று ஒரு சிறு மண்வாரி குழுவுக்கு ஒன்று இருக்கும். காகிதத்தைப் புதைக்காமல் திரும்பக் கொண்டு வர வேண்டும். கையை ஓடையில் கழுவாமல், தண்ணீரை எடுத்துவந்து தள்ளி நின்று சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழுவில் வயிற்றுப்போக்கு பரவுவது பெரும்பாலும் கழுவாத கையிலிருந்துதான், ஓடையிலிருந்து அல்ல.

பெண்கள் வரலாமா? மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது?

எங்கள் குழுவில் வருகிறார்கள். பை கட்டும் ஒழுங்கில் அவர்களே எங்களுக்குப் பாடம். அகத்தியர்கூடத்தின் உச்சிக்குப் பெண்களை விடாமலிருந்த வழக்கம் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வழியாக 1,868 மீட்டர் உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்த நடை வழக்கமாக மூன்று நாள் ஆகும். நாகர்கோவில்காரர்களுக்கு அருகிலுள்ள பல நாள் நடை அதுதான்.

மாதவிடாய் நாட்களில் நடக்கலாமா என்பதை அவரவர் உடல்நிலையே முடிவு செய்ய வேண்டும். நாப்கின்களைக் காட்டில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. காகிதத்தில் சுற்றி, கறுப்பு உறைக்குள் இட்டு, மூடும் டப்பாவில் கொண்டுவந்துவிட வேண்டும். மாதவிடாய்க் குப்பி (மென்ஸ்ட்ருவல் கப்) பயன்படுத்துகிறவர்கள் அதை முன்பே வீட்டில் இரண்டு மூன்று மாதம் பழகியிருக்க வேண்டும். மலையில் முதல் சோதனை வேண்டாம்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே எங்கே பழகிப் பார்க்கலாம்?

பையில் ஐந்து கிலோ வைத்துச் சிதறால் மலைக்கோயிலுக்கு ஏறி இறங்குங்கள். அது அரைமணி நேர வேலை. அடுத்த வாரம் எட்டு கிலோவோடு மருந்துவாழ் மலை. பிறகு பன்னிரண்டு கிலோவோடு, அடுத்தடுத்து இரண்டு நாள் அதே மலை. முதல் நாள் ஏற எல்லோராலும் முடியும். இரண்டாம் நாள் காலை வலிக்கும் கால்களோடு மீண்டும் பையைத் தூக்குவதுதான் உண்மையான பயிற்சி.

காட்டுப் பாதைகளுக்கு அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலமெங்கும் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. நம் மாவட்டமும் அதில் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன் வருவார். மற்ற இடங்களைப் பற்றி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

ஆள் பிடித்தால் சரணாலயக் காட்டுக்குள் இருக்கும் முத்துக்குழிவயலுக்குக் கூட்டிப் போவார்கள், காசு கொடுத்தால் போதும் என்கிறார்களே?

சொல்வார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். பிடிபட்டால் வழக்கு அழைத்துப் போனவர் மீது மட்டுமல்ல, உங்கள் மீதும் வரும். அரசு வேலைக்குத் தேர்வெழுதும் பிள்ளைகள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒளிந்து போகிறவர்கள் எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கால் ஒடிந்தால் தேடி வர ஒருவரும் இருக்க மாட்டார்கள். குரங்கணியை மறந்தவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்.

தனியாகப் போனால்தான் அமைதி கிடைக்கும் என்கிறார்கள். போகலாமா?

ஐந்தாறு நடை முடிவதற்கு முன் வேண்டாம். நான்கு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் அவரோடு இருக்கலாம். மற்ற இருவர் உதவிக்கு இறங்கலாம். பத்துக்கு மேல் போனால் கடைசி ஆள் எங்கே என்று தேடுவதே வேலையாகிவிடும். அமைதி வேண்டுமென்றால், முன்னால் போகிறவர் கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விட்டுப் பேசாமல் நடக்கலாமே.

போன் சிக்னல் கிடைக்குமா? சாட்டிலைட் போன் ஒன்று ஆன்லைனில் பார்த்தேன், வாங்கட்டுமா?

அடிவாரத்தைத் தாண்டினால் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டால் மின்கலம் இரண்டு மூன்று நாள் வரும். வீட்டில் ஒரு தாளில் பாதை, தங்குமிடங்கள், உடன் வருகிறவர்களின் எண்கள், எந்த நாள் எந்த நேரத்துக்குள் பேசவில்லை என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதை எழுதி வைத்துவிட்டு வாருங்கள். அந்தத் தாள் இல்லாதவரை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

செயற்கைக்கோள் தொலைபேசியை அரசின் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளும் அப்படித்தான். விமான நிலையங்களில் அவற்றோடு வந்தவர்கள் கைதாகியிருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் ஆசையாக வாங்கி வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே நன்றாகப் பழகிவிட்டால் நேராக இமயமலைக்குப் போய்விடலாமா?

கால், தோள், பை கட்டும் ஒழுங்கு ஆகியவற்றுக்கு நம் மலைகள் போதும். மூச்சுக்குப் போதாது. 2,500 மீட்டருக்கு மேல்தான் உயர நோய் தலைகாட்டத் தொடங்கும். அந்த உயரம் நம் மாவட்டத்தில் எங்குமே இல்லை. 3,000 மீட்டருக்கு மேலே, இரவு உறங்கும் இடம் முந்திய இரவை விட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் இறங்குவது ஒன்றே மருந்து. இங்கே வேகமாக ஏறிப் பழகிய இளைஞர்கள்தான் அங்கே முதலில் படுக்கிறார்கள். உடல் வலிமை உள்ளவர்கள் மெதுவாக நடக்கப் பொறுமைப்படுவதில்லை.

உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். ஒருவருக்கு முடியவில்லை, மணி ஒன்றாகிவிட்டது. மற்றவர்கள் ஏற வேண்டும் என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இதற்கான பதில் மலையில் எடுக்கப்படுவதில்லை. முந்திய இரவே எடுக்கப்படுகிறது. கஞ்சி குடிக்கும்போதே, மறுநாள் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவோம் என்று ஒரு நேரத்தைச் சொல்லி, எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் படுப்போம். பெரும்பாலும் அது பன்னிரண்டு மணி. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எவர் மனமும் நேர்மையாகக் கணக்குப் போடாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆகவே ஒரு மணிக்கு இந்தக் கேள்வி எழுந்தால், ஒரு மணி நேரத்துக்கு முன்பே தவறு நடந்துவிட்டது என்று பொருள்.

முடியாதவரைப் பாதையோரம் தனியே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறுவது என்பது எங்கள் குழுவில் கிடையாது. நால்வராக இருந்தால் இருவர் அவரோடு இறங்க வேண்டும், எஞ்சிய ஒருவர் தனியாக ஏற முடியாது. ஆக நால்வரும் இறங்குவோம். அவருடைய பையிலிருந்து தண்ணீரையும் உணவையும் கூடாரத்தையும் பகிர்ந்து எடுத்துக்கொண்டு, அவரை முன்னால் விட்டு, அவர் வேகத்தில் நடப்போம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இறக்கிக்கொண்டு வரப்பட்டவன் நான்தான். முழங்கால் பிடித்துக்கொண்டது, உச்சி தலைக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது. என் கூடாரத்தைச் சுமந்து இறங்கிய நண்பர் வழிநெடுக முந்திரிக்கொத்து தின்றுகொண்டு வந்தார். என் பையில் இருந்தது அது.